ஈரத்தோடு வந்த மருமகன்

என் சாவுக்கு எடுத்த சேலையோடு என் அண்ணன் என் வாசலிலேயே வந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். இதைச் சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். தனியாக இருக்கும்போது நினைத்தால் மட்டும் இன்றைக்கும் சிரிப்பு வராது.

எழுபதுகளின் கடைசி. கல்யாணமாகி செல்லூருக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரர் கூலிக்கு விசைத்தறி ஓட்டினார். தாய் தகப்பன் இல்லாதவர். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். குடி, சீட்டு எதுவும் கிடையாது. அவருக்கு இருந்த பைத்தியம் வேறு. நீந்த வேண்டும், சைக்கிள் மிதிக்க வேண்டும், ஓட வேண்டும். மேலூர்ப் பக்கம் ஒரு ஊரில் பொங்கலுக்கு வாலிபர்கள் சேர்ந்து ஒரு பந்தயம் வைப்பார்கள். கண்மாயை இக்கரையிலிருந்து அக்கரைக்கு நீந்திக் கடந்து, ஈரத்தோடு சைக்கிளில் ஏறி ரோட்டைச் சுற்றி வந்து, சைக்கிளைப் போட்டுவிட்டு வரப்பு வழியாக ஓடிப்போய்க் கோயில் மணியை அடிக்க வேண்டும். முதலில் அடிப்பவருக்குப் பித்தளை அண்டா. இவர் இரண்டு பொங்கலும் இரண்டாவதாக வந்தவர்.

இவரோடு சின்னதிலிருந்து வைகையில் குதித்து வளர்ந்த சிநேகிதர் ஒருவர் நெல்பேட்டையில் சைக்கிள் கடை வைத்திருந்தார். பாய் என்றுதான் நானும் கூப்பிடுவேன். அவருக்கு முழங்கால் போய்விட்டதால் சைக்கிள் மிதிப்பார், ஓட முடியாது. "நீ ஓடு மாப்ள, நான் கடிகாரத்தப் பாக்குறேன்" என்பார். அவர் பார்ப்பதற்காகவே இவர் ஓடினாரோ என்று எனக்குத் தோன்றும்.

தறி ஓடாத நாள் ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். அந்த ஒரு நாளில் பந்தயத்துக்குப் பழக வேண்டும், பாயோடு இருக்க வேண்டும், கொட்டாம்பட்டிக்கு உள்ளே இருக்கிற என் பிறந்த ஊருக்கும் போய்த் தலை காட்ட வேண்டும். மூன்றாவதுதான் எப்போதும் தட்டிப்போகும். ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டு என்னை ஊருக்குக் கூட்டிப் போக வேண்டியது. தறி முதலாளி லீவு தரவில்லை என்று அதையும் ஒன்பதாம் மாதத்துக்குத் தள்ளியிருந்தார். ஆத்தா வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொல்லி விட்டாள்: "மருமகனுக்கு எங்க வீட்டு வாசல் எந்தப் பக்கம்னு மறந்துபோச்சாம்."

புரட்டாசி மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் இவர் என்னிடம் வந்து சந்தோஷமாகச் சொன்னார்.

"நாளைக்கு ஒங்க ஊருக்குப் போறேன். கொட்டாம்பட்டி வரைக்கும் சைக்கிளு. அங்கயிருந்து ஊருக்கு ஓட்டம். ஒங்க ஊருக் கெணத்துல நீச்சலு. அப்படியே ஒங்காத்தாளையும் பாத்துட்டு வந்துருவேன். பழகுன மாதிரியும் ஆச்சு, விருந்தாளியாப் போன மாதிரியும் ஆச்சு."

"சட்டையப் போட்டுட்டுப் போங்க" என்றேன்.

"ஓடுறவனுக்கு எதுக்குச் சட்டை? அதெல்லாம் பாய்கிட்ட இருக்கும்."

பாய் கொட்டாம்பட்டி டீக்கடையில் கடிகாரத்தோடு உட்கார்ந்திருப்பாராம். ஆளுக்கொரு சைக்கிளில் நடுச்சாமம் தாண்டியதுமே கிளம்பிப் போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு ஊரில் நடந்ததை என் அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். முன்னால் நடந்தது அதுதான் என்பதால் அதை முதலில் சொல்கிறேன்.

வெளிச்சம் வந்தும் வராத நேரம். ஆத்தா வாசலில் சாணம் தெளித்துக்கொண்டிருந்திருக்கிறாள். மருமகன் தெருவில் ஓடி வருகிறார். மேலே சட்டையில்லை. வேட்டி நனைந்து காலோடு ஒட்டியிருக்கிறது. தலையில் ஈரத்துண்டு. செருப்பில்லை. வந்தவர் படி ஏறவில்லை. வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு தண்ணீர் கேட்டார். மதினி சொம்பில் கொண்டுவந்து கொடுத்ததும் ஒரு வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு மிச்சத்தைத் தலையில் ஊற்றிக்கொண்டார்.

எங்கள் பக்கம் கேதம் சொல்ல வருகிறவர்தான் அப்படி வருவார். சாவுச் செய்தி கொண்டுவருகிறவர் வீட்டுக்குள் வரமாட்டார், உட்காரமாட்டார், கொடுத்த தண்ணீரைக் குடிக்கமாட்டார்.

ஆத்தாளுக்குக் கையிலிருந்த வாளி நழுவிவிட்டது. "எம் மக எப்படிய்யா இருக்கா?" என்று கேட்டிருக்கிறாள்.

இவர் கிணற்றில் தலைகீழாகக் குதித்ததில் இரண்டு காதும் அடைத்திருந்தது. 'எப்படி' என்ற ஒரு சொல்தான் காதில் விழுந்ததாம். பழக்கம் எப்படிப் போகிறது என்று மாமியார் அக்கறையாகக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, மூச்சு வாங்க, "முடிஞ்சுச்சு அத்த. எல்லாம் முடிஞ்சுச்சு. நா போறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஓடிவிட்டார்.

'போறேன்' என்றதுதான் எல்லாவற்றையும் முடித்துவைத்தது. எங்கள் ஊரில் ஒரு வீட்டிலிருந்து கிளம்புகிறவர் 'வாரேன்' என்றுதான் சொல்வார். போகிறவரும் வாரேன்தான். சாவுக்காக வந்து போகிறவர் மட்டும் அந்தச் சொல்லைச் சொல்லமாட்டார்.

வயிற்றில் எட்டு மாதப் பிள்ளையோடு இருக்கிற மகள். எல்லாம் முடிஞ்சுச்சு. போறேன். அதற்கு மேல் யார் என்ன கேட்பார்கள்? சொல்லிவிட ஆள் இல்லாமல் புருஷனே ஓடி வந்திருக்கிறானே என்று ஊரே ஆடிப்போய்விட்டது. அடுத்த தெருவில் நின்ற புளி லாரியைப் பிடித்து அண்ணனும் சொந்தக்காரப் பெண்களும் ஏறினார்கள். ஆத்தா வாசலிலேயே விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. அவளை மதினியிடம் விட்டுவிட்டு வந்தார்கள். மேலூரில் ஒரு ஜவுளிக்கடைக்காரரை வீட்டிலேயே போய் எழுப்பிப் பிணத்துக்குப் பிறந்த வீட்டார் போர்த்துகிற கோடிச் சேலை எடுத்தார்கள்.

இனி நான் பார்த்தது.

அடுப்பில் உலை வைத்துவிட்டு அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தேன். தறி ஓடாத நாளில் எங்கள் சந்து அவ்வளவு அமைதியாக இருக்கும். அந்த அமைதியைக் கேட்டே அண்ணனுக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போய்விட்டதாம். தெருவில் ஒரு சாவு என்றால் தறியை நிறுத்துவார்கள் அல்லவா.

சந்து முனையில் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுகிற சத்தம் கேட்டது. பாவம், யாரோ என்று நினைத்தேன். சத்தம் கிட்டே வந்தது. எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது. மிளகாய்க் கையோடு எழுந்து வெளியே வந்தேன்.

என் பெரியம்மா. என் சின்னத்தை. தலையை விரித்துப் போட்டிருந்தார்கள். நடுவில் அண்ணன், கையில் புதுச்சேலை மடிப்போடு. என்னைப் பார்த்ததும் அழுகை அப்படியே நின்றது. யாரோ வாயைப் பொத்தியதுபோல் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நின்றது. பெரியம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். யாரும் என் பக்கத்தில் வரவில்லை.

அண்ணன் கேட்டார்: "நீ யாரு?"

என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவர் அப்படிக் கேட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சேலையைப் பார்த்தேன். தலைவிரி கோலத்தைப் பார்த்தேன். விடியும் முன்னே சைக்கிளில் போனவர் நினைவுக்கு வந்தார். லாரிகள் போகிற ரோடு.

"அவுகளுக்கு என்னண்ணே ஆச்சு?" என்றேன். வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"அவனுக்கு என்ன கேடு? குத்துக்கல்லாட்டம் இருக்கான். நீ செத்துட்டேன்னு அவந்தான வந்து சொன்னான்" என்றார் அண்ணன்.

அதைக் கேட்டு நான் அழவுமில்லை, சிரிக்கவுமில்லை. வயிற்றைப் பிடித்துப் பார்த்தேன். பிள்ளை அசைந்தது. அதற்குப் பிறகுதான் நான் இருக்கிறேன் என்று எனக்கே உறுதியானது.

சின்னத்தை மெதுவாக வந்து என் கையைத் தொட்டாள். "சூடாத்தான் இருக்குடி" என்று மற்றவர்களைப் பார்த்துச் சொன்னாள். உடனே எல்லோரும் மறுபடியும் அழ ஆரம்பித்தார்கள். இது வேறு அழுகை. பக்கத்து வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் பயந்து கதவைச் சாத்தினார்கள்.

அண்ணன்தான் முதலில் நிதானத்துக்கு வந்தார். "அழுதது போதும். ஆத்தா அங்க பச்சத்தண்ணி பல்லுல படாமக் கெடக்கு. இவள நேர்ல காட்டுனாத்தான் பொழைக்கும். ஏறும்மா லாரில" என்றார்.

உலையை இறக்கிவைத்துவிட்டுக் கட்டிய சேலையோடு ஏறினேன். அண்ணன் டிரைவரிடம் வழியெல்லாம் "மெதுவாண்ணே, புள்ளத்தாச்சி" என்பார். அடுத்த நிமிஷமே "கொஞ்சம் வெரசா" என்பார். டிரைவர் கடைசியில், "ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்கண்ணே" என்றார்.

ஒத்தக்கடை தாண்டி எதிரே இரண்டு சைக்கிள்கள் வந்தன. இவரும் பாயும். மேலூரில் பாயின் அக்கா வீட்டில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு, ஏதோ பேசிச் சிரித்தபடி வந்தார்கள். லாரியை நிறுத்தி அண்ணன் குதித்த குதியைப் பார்த்து இவர் சைக்கிளை அப்படியே சாய்த்துவிட்டார். அண்ணன் சொல்லச் சொல்ல இவர் முகம் வெளுத்துக்கொண்டே போனது. லாரியில் என்னைப் பார்த்தார், அண்ணன் கையிலிருந்த சேலையைப் பார்த்தார்.

பாய்தான் தலையில் கை வைத்துக்கொண்டார். "யா அல்லா. மாப்ள, ஒரு வார்த்த 'வாரேன்'னு சொல்றதுக்கு ஒனக்கு எம்புட்டு நேரம்டா ஆகும்? நான் என்ன கடிகாரத்த வச்சு அதையுமா கணக்குப் பண்ணப் போறேன்?"

சேலையை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைக்குத் திருப்பவும் முடியாது, நான் கட்டவும் கூடாது. பாய் கையை நீட்டினார். "இங்க குடுங்க. எங்களுக்கு இதுல ஒண்ணும் கெடையாது. எங்க வீட்ல கட்டிக்கிரும்." வாங்கிக் கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டார். அன்றைக்கு எல்லோருக்கும் மூச்சு வந்தது அப்போதுதான்.

சைக்கிள்களையும் லாரியில் ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போனோம். தெருமுனையில் இறங்கும்போதே ஆத்தாளின் ஒப்பாரி கேட்டது.

அண்ணன் ஓடிப்போய்ச் சொல்லப் பார்த்தார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. ஆத்தா என் பெயரைச் சொல்லி அழுதாள். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்தி ஆட்டை மேய்க்க விட்டேனே என்று அழுதாள். கேட்டதை வாங்கித் தரச் சொல்லி ஒரு நாள் அழுதிருப்பாளா, வாய் திறக்காத பிள்ளையாச்சே என்று அழுதாள். மகள் குடியிருந்த வீட்டைக் கண்ணால் பார்க்கவில்லையே என்றாள். என்னை அவள் அவ்வளவு நினைத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. அடித்தது தெரியும், வேலை வாங்கியது தெரியும். நின்றுகொண்டே கேட்டேன்.

பிறகு உள்ளே போய் "ஆத்தா" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள். கத்தவில்லை. "காலக் காட்டு" என்றாள். சேலையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினேன். பாதம் தரையில் படுகிறதா என்று தடவிப் பார்த்தாள். வயிற்றைத் தடவினாள். அதன்பிறகு என் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டாள். விட்ட கையாலேயே என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

இவரும் பாயும் வாசலில் நின்றார்கள். இவர் உள்ளே வரவா வேண்டாமா என்று தெரியாமல் ஒரு காலைப் படியில் வைத்திருந்தார். சுற்றிலும் ஊர்.

ஆத்தா என் தலையைத் தடவிக்கொண்டே வாசலைப் பார்த்துச் சொன்னாள்: "இனிமே ஓட மாட்டேன், பந்தயத்துக்குப் போக மாட்டேன்னு இத்தன பேரு முன்னால சொல்லச் சொல்லு. சொல்லிட்டு உள்ள வரட்டும். இல்லேன்னா எம் மக இங்கதான். புள்ள பெத்தாலும் இங்கதான். அனுப்ப மாட்டேன்."

அண்ணன்கூடத் தரையைப் பார்த்தார். இவர் பாயைப் பார்த்தார். பாய் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். இவர் தொண்டையைச் செருமினார். சொல்லிவிடுவார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கு என்ன சொல்லச் சொன்னாலும் சொல்லியிருப்பார். சொன்னால் காப்பாற்றவும் செய்வார். அப்படிப்பட்ட ஆள். வாரம் முழுக்கத் தறிச் சத்தத்தில் நின்றுவிட்டு, அந்த ஒரு நாள் தண்ணீரிலிருந்து ஏறி வரும்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத்தான் தெரியும்.

நாலு பேர் இருக்கிற இடத்தில் நான் அவரிடம் அதுவரை ஒரு வார்த்தை பேசினதில்லை.

"சொல்லாதீக" என்றேன்.

சத்தம் கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது. செத்தவள் எழுந்து வந்தபோதுகூட ஊர் அப்படிப் பார்க்கவில்லை. எனக்கே தூக்கிவாரிப் போட்டது. ஆத்தாளின் கை என் தலையில் அப்படியே நின்றது.

"இவளுக்குப் பேச்சு வருது" என்றாள் ஆத்தா, யாரிடமோ சொல்வதுபோல. அப்புறம் மதினியைக் கூப்பிட்டு, "எல போடு. அந்தப் பாய்க்கும் சேத்துப் போடு. ரெண்டு பேரும் சட்டையோட உக்காரட்டும்" என்றாள்.

என்னை அன்றைக்குத் திரும்ப அனுப்பவில்லை. அங்கேயேதான் பிள்ளை பெற்றேன். பெண் குழந்தை.

பொங்கல் பந்தயத்துக்கு ஆத்தாளும் வந்தாள், நான் எவ்வளவு தடுத்தும். பிள்ளையை மதினியிடம் கொடுத்துவிட்டு இரண்டு பேரும் கண்மாய்க் கரையில் நின்றோம். இவர் அக்கரையிலிருந்து நீந்தி வந்து, தண்ணீர் சொட்டச் சொட்ட, வெறும் உடம்போடு எங்களைப் பார்த்து ஓடி வந்தார். முதல் ஆளாகத்தான் வந்தார். ஆத்தா சட்டென்று பின்பக்கம் திரும்பிக்கொண்டு முந்தானையால் முகத்தை மூடிவிட்டாள். நான் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"போயிட்டாரா?" என்று கேட்டாள். கேட்ட உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, "தாண்டிட்டாரா?" என்று மாற்றிக் கேட்டாள்.

"தாண்டிட்டாரு ஆத்தா. சைக்கிள்ல ஏறிட்டாரு."

அப்படியும் அவள் திரும்பவில்லை. கோயில் பக்கமிருந்து மணிச் சத்தம் வருகிறவரை அப்படியே நின்றாள். அடித்தது இவர்தானா, வேறு யாராவதா என்று அங்கிருந்து எங்களுக்குத் தெரியவில்லை.