யாருகிட்டயும் சொல்லாதீங்க, அண்ணே

ஜூலை எட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை. ஐந்தேகாலுக்கு எழுந்தேன். ஆறு மணிக்குத் திடலின் சாமான் அறையைத் திறந்து, பயிற்சிச் சட்டைகளை எண் வரிசையில் மாட்டினேன். பதினெட்டுப் பந்துகளுக்கும் காற்றுப் பார்த்தேன். தண்ணீர்ப் பெட்டியில் ஐஸ் கொட்டினேன். ஈப்போவில் ஒரு காற்பந்துக் குழுவுக்கு நான் கிட்மேன், உடை, பந்து, சாமான் எல்லாம் என் பொறுப்பு. இருபத்திரண்டு வருடமாக இதே வேலை, இதே வரிசை.

எட்டரை மணிக்கு ஒரு கார்னர் பந்து வந்தது. எங்கள் கொரியத் தடுப்பாட்டக்காரன் துள்ளினான், கோல் கீப்பரும் துள்ளினான். கீப்பரின் கைமுட்டி கொரியனின் நெற்றிப்பொட்டில் இடித்த சத்தம் கோட்டுக்கு வெளியே நின்ற எனக்குக் கேட்டது. விழுந்தவன் உடனே எழுந்து கட்டைவிரலைக் காட்டினான். பயிற்றுநர் தலையாட்டி ஆட்டத்தைத் தொடரச் சொன்னார்.

"மச்சான், அது மண்டையா கருங்கல்லா? என் கைதான் வீங்கிப் போச்சு லா," என்றான் கீப்பர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஒன்பது இருபதுக்கு உடை மாற்றும் அறையில் கொரியன் என்னிடம் கேட்டான், "அண்ணே, இன்னைக்கு மேட்ச்சா?" எங்களுக்குள் பேச்சு மலாயில்தான், 'அண்ணே' மட்டும் தமிழ். வந்த முதல் நாளே என் வயதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, மூத்தவரை எப்படிக் கூப்பிடுவது என்று விசாரித்து வைத்துக்கொண்ட சொல் அது.

"இல்ல, பயிற்சி. மேட்ச் சனிக்கிழமை," என்றேன்.

ஒன்பது இருபத்தாறுக்கு அதையே கேட்டான். ஒன்பது முப்பத்தொன்றுக்கு மறுபடியும். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் பதில் சொன்னேன்.

"இதோட மூணு தடவை கேட்டுட்ட."

பூட் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. அறையில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு சொன்னான், "யாருகிட்டயும் சொல்லாதீங்க, அண்ணே."

ஏன் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. வெளிநாட்டு ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும் காலம் அந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அதற்குள் காயம் என்று தெரிந்தால் அவன் இடத்துக்கு வேறொருவன் வந்துவிடுவான். அவனுக்கு முப்பத்துநான்கு வயது. பன்னிரண்டு வயதில் பள்ளி விடுதிக்குப் போனவன். இராணுவச் சேவை முடித்து, கொரியாவின் இரண்டாம் பிரிவில் எட்டு வருடம் ஆடி, முழங்காலில் இரண்டு முறை கத்தி வைத்து, தாய்லாந்து வழியாக இங்கே வந்தவன். இதற்குப் பிறகு அவனைக் கூப்பிட இன்னொரு குழு இருக்காது. வருகிற பந்தைத் தலையால் முட்டி விரட்டுவதுதான் அவன் தொழில்.

தலையாட்டினேன். ஆட்டக்காரர்களின் காயங்களைப் பார்க்கும் பிசியோ அன்று இளையோர் குழுவோடு சிலிம் ரிவருக்குப் போயிருந்தார். அவர் இல்லாத நாளில் அன்றாட அறிக்கையை நிரப்புவது நான். 'காயம்' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினேன். அவனை என் காரில் குனோங் ராபாட்டில் அவன் வாடகைக்கு இருந்த வீட்டில் விட்டுவிட்டுத் திடலுக்குத் திரும்பி, மதியம் துணிகளை மெஷினில் போட்டேன்.

மெஷின் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் என் அண்ணன் நினைவுக்கு வந்தான். ஆயர் தாவார் பக்கம் நாங்கள் இருந்த தோட்டத்தில், எனக்குப் பதினோரு வயதில், அவன் பந்தாட்டத்தில் இன்னொருவனோடு தலை மோதினான். எழுந்தான், சிரித்தான், வீட்டுக்கு வந்து சோறு சாப்பிட்டான். தலை வலிக்கிறது, அம்மாவிடம் சொல்லாதே என்றான். நான் சொல்லவில்லை. படுத்தவன் எழவில்லை. இதை என் மனைவியிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை.

இரண்டரைக்குக் கொரியனுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. இரண்டு நாற்பதுக்கும் எடுக்கவில்லை. ஈரத் துணிகளை மெஷினிலேயே விட்டுவிட்டுக் காரை எடுத்தேன். மூன்று மணிக்கு அவன் கேட்டில் நின்றேன். கூப்பிட்டேன், கேட்டை ஆட்டினேன், பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. பதினோரு நிமிடம் ஆனது. அந்தப் பதினோரு நிமிடமும் அவன் உள்ளே எந்த அறையில், எந்தப் பக்கம் திரும்பிக் கிடப்பான் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

கதவைத் திறந்தான். கையில் போன், திரையில் அவன் மகள், ஏழு வயது, தோளில் பள்ளிப் பையோடு. என்னை உட்காரச் சொல்லிவிட்டு அவளோடு பேசினான். எனக்கு அந்த மொழியில் ஒரு சொல் தெரியாது. ஆனால் ஒரே வாக்கியம் திரும்ப வந்தால் எந்த மொழியிலும் காது கண்டுகொள்ளும். முதல் முறை பிள்ளை உற்சாகமாக நீளப் பதில் சொன்னாள். இரண்டாம் முறை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். மூன்றாம் முறை சிரிக்கவில்லை. திரையை விட்டு முகத்தைத் திருப்பி அம்மாவைக் கூப்பிட்டாள்.

நான் வாசலுக்கு வந்து பிசியோவைப் போனில் கூப்பிட்டு, காலையிலிருந்து நடந்ததை நேரத்தோடு சொன்னேன்.

"உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கண்ணே," என்றார். "வரமாட்டேன்னா தனியா விட்டுடாதீங்க. வாந்தி வந்தா ஆம்புலன்ஸ். நான் காலையில ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில இருப்பேன்."

உள்ளே போய், பிசியோவிடம் சொல்லிவிட்டேன் என்று அவனிடம் சொன்னேன். போனைக் கீழே வைத்தான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நன்றி, என்சிக்," என்றான். மலாயில் 'ஐயா' மாதிரி; அலுவலகத்தில் இருப்பவர்களை அவன் அப்படித்தான் கூப்பிடுவான்.

"இப்பவே போலாம். கார் வெளியேதான் இருக்கு."

"காலையில வரேன். இப்ப தூங்கணும்."

கெஞ்சினேன். கையைப் பிடித்து இழுத்துக்கூடப் பார்த்தேன். என்னைவிட ஒரு சாண் உயரமானவன். மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டு அறைக்குள் போனான். கதவை மட்டும் சாத்த விடவில்லை. கூடத்து நாற்காலியை அந்த வாசலுக்கு இழுத்துப் போட்டு, மூச்சு கேட்கும் தூரத்தில் உட்கார்ந்தேன்.

புதன்கிழமை, காலை ஐந்து நாற்பது. முதல் வேலையாக அவன் தோளைத் தொட்டு எழுப்பினேன். கண்ணைத் திறந்தான். நான் ஏன் அவன் வீட்டில் இருக்கிறேன் என்பதுபோலச் சுற்றிலும் பார்த்தான். பிறகு முகம் மலர்ந்தது.

"அண்ணே," என்றான், "யாருகிட்டயும் சொல்லலதானே?"

அவன் சட்டையை எடுத்துக் கையில் கொடுத்து, பிசியோவிடம் சொல்லிவிட்டதை மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.