மலைப் பண்ணையின் தோல் அறை

அந்தப் பண்ணைக்கு என் மகள் எனக்கு முன்னரே போய்விட்டாள். சுவிஸில், துன் ஏரிக்கு மேலே, பேருந்து கடைசியாகத் திரும்பும் இடத்தில் இறங்கி, அதற்கும் மேலே நடந்து ஏறவேண்டிய மலைச்சரிவில் அது இருக்கிறது. ஒரு காலத்தில் அந்தப் பகுதியின் முதல் மாட்டுப்பண்ணை. இப்போது பார்வையாளர்களுக்காகப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். நாலாம் வகுப்புப் பிள்ளைகளை அவர்களுடைய ஆசிரியை அங்கே கூட்டிக்கொண்டு போனார்.

அன்று காலை மழைச்சட்டையை மறந்துவிட்டுக் கதவுவரை போனவளிடம், "தோலை உரிச்சுப்போடுவன். வந்து ஜக்கெட்டை எடு" என்றேன்.

"உரியுங்கோ, உரியுங்கோ" என்று சிரித்தபடி திரும்பி வந்து, அதைப் பறித்துக்கொண்டு ஓடினாள்.

எங்கள் வீட்டில் அந்த வார்த்தைக்குப் பாரம் கிடையாது. பால் பொங்கி வழிந்தால் சொல்வேன். அழிறப்பர் தொலைந்தால் சொல்வேன். சீப்பைக் கண்டு தலை இழுக்க வராமல் ஒளிந்துகொண்டால் சொல்வேன். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். யாரும் யாருடைய தோலையும் தொட்டதில்லை.

பின்னேரம் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் கோப்பித் தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தபோது ஆசிரியை தொலைபேசியில் அழைத்தார். வழமையாகச் சுவிஸ் ஜேர்மனில் கதைப்பவர், அன்று எழுத்து ஜேர்மனில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துக் கதைத்தார். இந்த நாட்டில் ஒருவர் அப்படி மாறினால் ஏதோ நடந்துவிட்டது என்று பொருள். நான் தட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

பண்ணையில் தோல் அறை என்று ஒன்று உண்டாம். சுவரில் ஒரு முழு மாட்டுத்தோல் விரித்து அடிக்கப்பட்டிருக்கிறதாம். அதன் முன்னால் பிள்ளைகள் நின்றபோது என் மகள் கையை உயர்த்தி, "என்னுடைய அம்மாவும் என் தோலை இப்படி உரிக்கப்போவதாகச் சொல்வார்" என்றிருக்கிறாள். எப்போது சொன்னார் என்று ஆசிரியை கேட்டிருக்கிறார். "இன்று காலையும் சொன்னார்" என்றிருக்கிறாள்.

"இதை நான் மேலே அறிவிக்கவேண்டும். உங்களுக்குத் தெரியாமல் செய்ய விரும்பவில்லை" என்றார் ஆசிரியை. அவருடைய குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

என் கணவர் ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றின் குசினியில் சமையல் வேலை செய்கிறார். வீட்டுக்கு வந்தவரிடம் சொன்னேன். சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் இருந்துவிட்டார்.

"நீர் அவ்வளவுதானோ சொன்னனீர்?"

"அவ்வளவுதான்."

"என்ர அம்மா என்னைக் கிணத்துக்குள்ள தூக்கிப் போடுவன் எண்டு விடிஞ்சாப் பொழுதுபட்டாச் சொன்னவ. நல்ல காலம், அதை ஜேர்மனில சொல்லிக் குடுக்க எனக்குத் தெரியேல்லை."

"இப்பவும் பகிடியோ?"

"பகிடி இல்லையப்பா. பயத்தில வருது."

மகள் அறைக் கதவில் சாய்ந்துகொண்டு நின்றாள். "நானும் பகிடிக்குத்தான் சொன்னனான். எல்லாரும் சிரிப்பினம் எண்டு நினைச்சன்."

"சிரிச்சவையோ?" என்று கேட்டார் அவர்.

"முதல் சிரிச்சவை. டீச்சர் சிரிக்கேல்லை. பிறகு ஒருத்தரும் சிரிக்கேல்லை."

அதிகாரிகள் வந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற கதை எங்கள் ஆட்களிடையே எப்போதும் உண்டு. பூம்ப்ளிஸில் உள்ள எங்கள் கோயிலில் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கும்போது கேட்டிருக்கிறேன். யாருக்கு, எங்கே என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. அதுவரை நானும் அதை நம்பாதவர்களின் பக்கம்தான் நின்றேன்.

பிள்ளைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் எங்களைச் சந்தித்தவர் என் வயதுப் பெண். கை குலுக்கினார், தண்ணீர் ஊற்றித் தந்தார். எனக்கு ஜேர்மன் தெரியும். படித்து, சோதனை எழுதி, சான்றிதழுடன் வேலை செய்கிறேன். இருந்தும் ஒரு மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்திருந்தார்கள். இவ்வளவு முக்கியமான விஷயத்தில் ஒரு சொல்லும் தவறிவிடக்கூடாது என்றார் அந்தப் பெண். மொழிபெயர்க்க வந்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர், மிகவும் மரியாதையானவர்.

மகளிடம் நான் சொன்ன வார்த்தையை அப்படியே தமிழில் சொல்லும்படி கேட்டார்கள். சொன்னேன். அந்த மேசையில், தண்ணீர்க் குவளைகளுக்கு நடுவில், அது என் வாயிலிருந்து வந்ததுபோலவே இருக்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் அதைப் பிழையில்லாமல் ஜேர்மனில் சொன்னார். அங்கே அது ஒரு கத்தியை எடுத்து வைத்ததுபோல் இருந்தது.

"இல்லை, இல்லை" என்று நான் தமிழிலேயே பதறினேன். "அது சும்மா சொல்லுறது."

மொழிபெயர்ப்பாளர் ஒரு கணம் யோசித்தார். பிறகு அலுவலகப் பெண்ணிடம் திரும்பி, "காரணம் எதுவும் இல்லாமல் அப்படிச் சொல்வாராம்" என்றார்.

அந்தப் பெண்ணின் பேனா நகர்ந்தது.

"ஐயோ, அப்பிடியில்லை. சும்மா எண்டா…" என்று தொடங்கினேன். எனக்கு ஜேர்மனில் ஒரு சொல்லும் வரவில்லை. விளையாட்டுக்கு என்பதா? பழக்கத்தில் என்பதா? அர்த்தமில்லாமல் என்பதா? எதைச் சொன்னாலும் ஒரு தாய் அர்த்தமில்லாமல் தன் பிள்ளையின் தோலை உரிக்கப்போவதாகச் சொல்கிறாள் என்றுதான் முடிந்தது.

"சும்மான்னா நான் வேற என்னன்னு சொல்லட்டும் மேடம்?" என்று மொழிபெயர்ப்பாளர் என்னிடம் மெதுவாகக் கேட்டார். "நீங்க சொல்றதைத்தான் நான் சொல்லணும்."

"அடிச்சிருக்கிறாவோ எண்டு கேக்கச் சொல்லுங்கோ" என்றார் என் கணவர். "ஒரு நாளும் இல்லை எண்டு நான் சொல்லுறன்." அதையும் மொழிபெயர்த்தார்கள். அதையும் எழுதினார்கள். வீட்டுக்கு வந்து பார்ப்பதாகவும், மகளோடு தனியாகக் கதைப்பதாகவும், அதன் பிறகே முடிவு சொல்வதாகவும் கூறி எங்களை அனுப்பினார்கள்.

அந்த இடைவெளியில் ஒரு விடுமுறை நாளில் நான் தனியாகப் பண்ணைக்குப் போனேன். என் பிள்ளை எதன் முன்னால் நின்று அதைச் சொன்னாள் என்று பார்க்கவேண்டும்போல் இருந்தது.

மழை தூறிக்கொண்டிருந்தது. சுற்றிக் காட்டியவள் பல்கலைக்கழகத்தில் படிக்கும் இளம்பெண். நான்கைந்து பேர்தான் வந்திருந்தோம். வீடும் தொழுவமும் ஒரே கூரையின் கீழ். கீழே மாடுகள் விட்ட மூச்சின் சூடு மேலே படுக்கை அறைக்கு ஏறும்படி கட்டியிருக்கிறார்கள். முதலில் வந்தவனுக்குக் கீழே ஊரில் நிலமில்லை. மனைவியோடும் சிறிய மந்தையோடும் ஏறி வந்து, ஊசியிலைக் காட்டை வெட்டி, அடிக்கட்டைகளை எரித்து, கல்லைப் பொறுக்கி மதிலாக அடுக்கியிருக்கிறான். அந்த மதில் இன்னும் பாசி பிடித்துக் கிடக்கிறது.

முதல் பனிக்காலம் அவர்கள் எதிர்பார்த்ததற்கு முன்னரே இறங்கிவிட்டது. வைக்கோல் போதவில்லை. மாடுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. விழ விழ அவன் தோலை உரித்து, முதுகில் சுமந்து, பள்ளத்தாக்கில் தோல் பதனிடுபவனிடம் கொடுத்து, வைக்கோலும் மாவும் வாங்கி ஏறியிருக்கிறான். செத்தவற்றின் தோல்தான் மிஞ்சியவற்றுக்குத் தீனி போட்டது. பிறகு பெருகிய மந்தை முழுவதும் அந்த மிச்சத்திலிருந்து வந்தது. முதலில் விழுந்த பசுவின் தோலை மட்டும் அவன் விற்கவில்லை. அதுதான் சுவரில் இருந்தது.

நான் அதன் முன்னால் நின்றேன். ஓரங்கள் சுருண்டு, நிறம் மங்கி, கால்கள் இருந்த இடங்கள் நான்கு பக்கமும் நீண்டிருந்தன. கழுத்துப் பக்கத்தில் கத்தி தவறிய ஒரு கீறல். என் மகளின் உயரத்துக்கு அந்தக் கீறல்தான் கண்ணுக்கு நேரே இருந்திருக்கும்.

அடுத்த தலைமுறைகளில் பண்ணை பெரிதாகிவிட்டது. பரிசு வாங்கிய காளைகளின் படங்கள், பெரிய மணிகள், செதுக்கு வேலை செய்த முகப்பு. அவ்வளவு மாடுகளுக்குக் கைகள் வேண்டும். அந்தக் கைகளைக் காட்ட அந்தப் பெண் எங்களை ஏணியில் ஏற்றினாள். தொழுவத்துக்கு மேலே, கூரைச் சரிவின் கீழ், நிமிர்ந்து நிற்க முடியாத ஒரு பரண்.

ஏழைகளின் பிள்ளைகளை, தகப்பன் இல்லாத பிள்ளைகளை, கல்யாணம் ஆகாத பெண்களின் பிள்ளைகளை அதிகாரிகள் எடுத்துப் பண்ணைகளில் வேலைக்கு ஒப்படைத்தார்கள் என்றாள். போன நூற்றாண்டிலும் அது இந்த நாடு முழுவதும் நடந்தது. பிள்ளைகளின் நன்மைக்காக என்று சொல்லப்பட்டது. இந்தப் பண்ணையில் அவர்கள் இந்தப் பரணில் வைக்கோல் சாக்கில் படுத்தார்கள். கடைசி வாரிசுகள் பண்ணையை விற்றபின் ஊரவர்கள் சேர்ந்து இதைத் திருத்தித் திறந்தபோது, காளைகளையும் மணிகளையும் மட்டுமே காட்டினார்களாம். ஒரு நாள் பார்வையாளர்களில் ஒரு முதியவர் தொழுவத்தில் நின்று மேலே பார்த்து, "ஏணியை எங்கே வைத்தீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகுதான் பரணைத் திறந்தார்கள்.

பலகைகளுக்கு இடையில் ஒரு இடுக்கைக் காட்டினாள். பசிக்கும் இரவுகளுக்காகப் பிள்ளைகள் கோதுமைப் பாண் துண்டுகளை அதற்குள் ஒளித்து வைத்தார்கள் என்று அந்த முதியவர் சொன்னாராம்.

எங்கள் முதியோர் இல்லத்தில் ஒரு அம்மா இருக்கிறார். தலையணை உறையை மாற்றும்போதெல்லாம் உள்ளேயிருந்து காய்ந்த பாண் விழும். மறதி நோய் என்று நினைத்து, நான் அதைக் குப்பையில் போட்டு வந்தேன். பரணில் குனிந்து நின்றபோது அந்த அம்மாவின் கைகள்தான் நினைவுக்கு வந்தன.

"அவர்களுடைய அம்மாக்கள் வந்து பார்த்தார்களா?" என்று கேட்டேன்.

"பலருக்கு எந்தப் பண்ணை என்றே சொல்லவில்லை" என்றாள். பிறகு, மற்றவர்கள் ஏணியில் இறங்கத் தொடங்கியதும், "பள்ளிக்கூடப் பிள்ளைகள் இங்கேதான் அதிக நேரம் நிற்பார்கள். போன தடவை ஒரு சிறுமி விடாமல் கேட்டாள். கூட்டிக்கொண்டு போனவர்கள் வீட்டிலிருந்து என்ன எடுத்துவர விட்டார்கள், அம்மாவுக்குக் கடைசியாக என்ன சொல்ல விட்டார்கள் என்று" என்றாள்.

அது யார் என்று நான் கேட்கவில்லை. தோல் அறை கீழே இருக்கிறது. பரண் அதற்குப் பிறகு. ஆசிரியை சிரிக்காமல் போன பிறகுதான் என் மகள் அந்த ஏணியில் ஏறியிருக்கிறாள்.

அலுவலகப் பெண் வீட்டுக்கு வந்த நாளில் நான் வடை சுட்டு வைத்தேன். சுட்ட பிறகு, அவரை விலைக்கு வாங்க முயல்வதாக நினைப்பாரோ என்று பயந்து அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். வீடு முழுக்க எண்ணெய் வாசம். அவர் மகளின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். நானும் கணவரும் குசினியில் நின்றோம். உள்ளே மகளின் குரல் கேட்டது. சொற்கள் கேட்கவில்லை. ஒரு தடவை அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை.

"வடையைக் குடும்" என்றார் கணவர். "மணக்குது, ஒளிச்சு வச்சா இன்னும் சந்தேகப்படுவினம்."

அந்தப் பெண் இரண்டு வடை சாப்பிட்டார்.

பிறகு தொலைபேசியில் முடிவைச் சொன்னார். மேற்கொண்டு எதுவும் செய்யப்போவதில்லை. பெற்றோருக்கான வகுப்பு ஒன்றுக்குப் போனால் நல்லது. போகிறேன் என்றேன். அவர் நல்லவர். அவர் இடத்தில் நான் இருந்தாலும் வந்துதான் பார்த்திருப்பேன். இதையெல்லாம் எனக்கே பலமுறை சொல்லிக்கொள்கிறேன். ஆனாலும் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் இப்போதும் மகள் எங்கே நிற்கிறாள் என்று பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறேன்.

மகளை மடியில் இருத்தி அந்த முடிவைச் சொன்னேன்.

"அப்ப நான் இஞ்சதானே இருப்பன்?"

"ஓம் குஞ்சு. வேற எங்க போறது?"

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு இறங்கிப் போய் விளையாடத் தொடங்கினாள்.

இப்போது நான் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை. ஒரு நாள் மேசைத் துணி முழுவதும் தோடம்பழச் சாற்றைக் கொட்டிவிட்டு, அசையாமல் நின்றாள். நான் துணியை எடுத்துத் துடைத்தேன்.

"ஏனம்மா ஒண்டும் சொல்லேல்லை?"

"என்ன சொல்ல?"

"முந்திச் சொல்லுறது."

"கவனமா ஊத்து பிள்ளை" என்றேன். அவள் எதிர்பார்த்தது அதுவல்ல. முகம் சுருங்கி, அறைக்குள் போய்விட்டாள்.

போன சனிக்கிழமை அவளுடைய கட்டிலின் விரிப்பை மாற்றினேன். தலையணையை உதறியபோது ஏதோ நிலத்தில் விழுந்தது. கடதாசித் துவாலையில் சுற்றிய ஒரு பாண் துண்டு, கல்லாய்க் காய்ந்திருந்தது. அதன் பாரம் என் கைக்கு நன்றாகப் பழக்கம்.

அவள் கதவருகே வந்து நின்றாள்.

"இது என்னடா?"

"பாண்."

"ஏன் குஞ்சு இதுக்குள்ள வச்சிருக்கிறாய்?"

என் கையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சும்மா" என்றாள்.