ஈசானிய மூலைக்கு ஓடிய தண்ணீர்

இருசப்பன் மேஸ்திரிக்குச் செங்கல்லைவிடத் திசைகளின் மேல்தான் நம்பிக்கை. ரமணாசிரமத்தைத் தாண்டிச் செங்கம் சாலையிலிருந்து பிரிகிற நுணாமரத் தெருவில் இருபத்து மூன்று வீடுகள். அவற்றில் பத்தொன்பது அவர் கட்டியவை. அவர் கட்டிய வீட்டில் சுவர் கொஞ்சம் கோணலாக இருக்கலாம், மழைக்காலத்தில் கதவு மூட மறுக்கலாம். ஆனால் ஜலதாரை, அதாவது சமையலறைத் தண்ணீரும் குளித்த தண்ணீரும் வெளியேறுகிற வழி, ஈசானிய மூலையை விட்டு ஒரு அங்குலம்கூட விலகாது. வடகிழக்கில் தண்ணீர் வெளியே போனால் வீட்டுக்குள் லட்சுமி வருவாள் என்பது அவர் கட்சி. அவள் ஏன் சாக்கடை வழியாக வரவேண்டும் என்று கேட்கிற தைரியம் தெருவில் யாருக்கும் இல்லை.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. மலை தெருவுக்கு வடக்கே நிற்கிறது, பூமி அங்கிருந்து தெற்கே சரிகிறது. தண்ணீரைத் தெற்கே போகச் சொல்லிக் கடவுள் படைத்துவிட்டார், இருசப்பனோ வடக்கே போகச் சொன்னார். அவர் தென்மேற்கில் வண்டி வண்டியாக மண் கொட்டித் தரையை உயர்த்தி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, மண்குழாய் பதித்து, எப்படியோ கடவுளை ஜெயித்துவிடுவார். வெளியே வந்த தண்ணீர் மேலே ஏற வழியில்லாமல் வீட்டோரக் குழியில் தேங்கும். குழிக்குப் பக்கத்தில் ஒரு வாழைக்கன்று நட்டுவிட்டுக் கரணையைக் கழுவிக்கொண்டு போய்விடுவார். கொசுக்களுக்கு அவர் ஜவாப்தாரி இல்லை.

யாராவது முணுமுணுத்தால் கையோடு பதில் வைத்திருப்பார்.

"எங்க ஊட்டு வாழையை வந்து பாரு. எப்படித் தளதளன்னு நிக்குது. புள்ளைங்க ரெண்டு பேருக்கும் கவர்மெண்டு வேலை. பொண்ணை ஆரணில நல்ல எடமா பாத்துக் குடுத்தேன். மாடு வருஷம் தவறாம கன்னு போடுது. எல்லாம் அந்த மூலை பண்ற வேலை."

1978இல் நுணாமரத் தெருவைப் பஞ்சாயத்திலிருந்து எடுத்து நகராட்சியோடு சேர்த்தார்கள். ஒரே நாளில் டவுன்காரர்கள் ஆகிவிட்டதில் தெருவே மிதப்பாக நடந்தது. ஆறு மாதத்தில் சிமெண்டுக் கால்வாயும் வந்தது, கல் மூடி போட்டு, வீடுகளின் பின்பக்கமாக, தெற்குச் சந்தில். எல்லா வீடுகளும் ஒரு மாதத்துக்குள் தங்கள் கழிவுநீரைக் கால்வாயில் சேர்க்க வேண்டும், அதன்பின் குழிகளை மண் போட்டு மூடிவிடுவார்கள் என்று அறிவிப்பு. ஓவர்சியர் சக்கரபாணி வீடு வீடாக வந்து பார்த்தார். தலையைச் சொறிந்தார். பிறகு மேஸ்திரியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"மேஸ்திரி, கால்வாய் தெக்கால போவுது. உங்க தண்ணியெல்லாம் வடக்கால போவுது. ரெண்டையும் எப்படிங்க சேக்கறது?"

"கால்வாயை வடக்கால மாத்திடுங்க சார்."

"அங்க மலை இருக்குதுங்க."

இருசப்பன் மலையைத் திரும்பிப் பார்த்தார். அது இருக்கத்தான் செய்தது.

வேறு வழியில்லை. பத்தொன்பது வீட்டுத் தரையையும் உடைத்து தண்ணீர் சரிந்து ஓடுகிற வாட்டத்தை மாற்றித் தருவதாக ஒப்புக்கொண்டார். பாதிப் பேர் உள்ளூரச் சந்தோஷப்பட்டார்கள். ஆனால் முதல் வீட்டுச் சந்திரம்மாள் கதவிலேயே மறித்துக்கொண்டு நின்றாள். கோயில் வாசலில் பூ விற்கிறவள், புருஷன் இல்லாதவள். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து அவள் மகள் முதல் பிரசவத்துக்கு வந்திருந்தாள்.

"இந்த மூலையை அடைச்சா வம்சம் தழைக்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க, மேஸ்திரி அண்ணே. இத்தினி வருஷம் கழிச்சு இப்பதான் அவ வயித்துல ஒண்ணு தங்கியிருக்குது. இப்ப போயி கடப்பாரையைத் தூக்கினு வர்றீங்களே."

சொன்னவர் இருசப்பன்தான். அவள் தொட விடவில்லை என்றதும் மற்ற வீட்டுக்காரர்களும் பயந்து பின்வாங்கினார்கள். நகராட்சி குழியை மூடிவிட்டால், நாளைக்குப் பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர் ஊற்றுகிற தண்ணீர் வீட்டுக்குள்தான் நிற்கும். அதற்கும் அவர்தான் காரணம். மாதம் முடிய நாலு நாள் இருந்தது. அன்றைக்கு அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

மறுநாள் காலை தெருவைக் கூட்டிவைத்துச் சொன்னார்:

"மொதல்ல என் ஊட்டை இடிக்கிறேன். ஆவறது எனக்கு ஆவட்டும். ரெண்டு நாள் பாத்துட்டு அப்புறம் உங்க ஊட்டைத் திருப்புங்க."

அவர் மனைவி எல்லம்மாளுக்கு முகம் வெளுத்துவிட்டது. இன்று வெள்ளிக்கிழமை என்றாள். ராகுகாலம் என்றாள். அது போனதும் மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்றாள். மாடு பக்கத்திலேயே நின்று வைக்கோலை வெளுத்துக் கட்டிக்கொண்டிருந்தது. பாவம், புருஷன் வீட்டை நினைத்துப் பயப்படுகிறாள் என்று எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள்.

இருசப்பன் மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, ஈசானிய மூலையில் கடப்பாரையை இறக்கினார். குழாய் தெரிந்தது. குனிந்து உள்ளே பார்த்தார். சொட்டுத் தண்ணீர் இல்லை. உள்ளே சிலந்தி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. கையை விட்டுத் துழாவினால் மறுமுனையில் செங்கல் வைத்துச் சுண்ணாம்பு பூசி அடைத்திருந்தது.

"இது என்னாடி?"

எல்லம்மாள் முந்தானையைத் திருகினாள்.

"ஒம்போது வருஷம் ஆச்சுங்க. நீங்க போளூர்ல ரைஸ் மில்லு கட்டப் போனீங்களே, அப்ப. சின்னவனுக்குக் குளிர்காய்ச்சல் வந்து தூக்கித் தூக்கிப் போட்டுது. குழிக் கொசுதான் காரணம்னு டாக்டரு சொன்னாரு. நான்தான் சின்னசாமியைக் கூப்ட்டு, தரையை எடுத்து, பின்னால கள்ளிவேலிக்குத் தண்ணியைத் திருப்பச் சொன்னேன்."

சின்னசாமி நேற்று முளைத்த கொத்தன் என்று இருசப்பன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன்.

"அப்ப வாழை?"

"தெனம் ரெண்டு கொடம் நான்தான் ஊத்தறேன்."

கிணற்றில் குளிக்கிற மனிதர் தன் வீட்டுச் சமையலறை மூலையை ஒன்பது வருஷமாக எட்டிக்கூடப் பார்த்ததில்லை என்பது எல்லோருக்கும் புரிந்துவிட்டது. சந்திரம்மாள் மட்டும் விரல் மடக்கிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பெரியவன் வேலை, சின்னவன் வேலை, ஆரணிச் சம்பந்தம், கன்றுக்குட்டிகள். எல்லாம் அந்த ஒன்பது வருஷத்துக்குள் வந்தவை.

"மேஸ்திரி அண்ணே, எங்க ஊட்டுதையும் தெக்கால திருப்பிடுங்க. இன்னிக்கே," என்றாள்.

ஜெயித்தாரா தோற்றாரா என்று இருசப்பனுக்கே விளங்கவில்லை. கடப்பாரையைக் கீழே போட்டார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கு இன்னா?"

"சொல்லியிருந்தா மறுபடியும் வடக்கால வச்சிருப்பீங்க."

வைத்திருப்பார். சின்னவன் கட்டிலில் நடுங்கியபோது தான் போளூரில் எவன் மில்லுக்கோ ஈசானியம் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தது நினைவு வந்தது. எழுந்து சமையலறைக்குள் போனார். ஒரு குடம் தண்ணீரைத் தரையில் சாய்த்துக் குந்தி உட்கார்ந்து பார்த்தார். தண்ணீர் எங்கும் தயங்காமல் தெற்கே போயிற்று. தரையைக் கையால் தடவினார். ஈரம் இருந்தது, தேக்கம் இல்லை.

வெளியே வந்து கடப்பாரையைத் தோளில் வைத்தார்.

"சந்திரம்மா ஊட்டுக்குப் போறேன்," என்றார் எல்லம்மாளிடம். "அந்தச் சின்னசாமியை வரச் சொல்லு. நான் ஒடைக்கறேன். வாட்டம் அவன் போடட்டும்."