தட்டிப் பார்க்காத கார்

மொக்ரானுடைய வலது கை நடுவிரல் முட்டி மற்ற விரல் முட்டிகளைவிடப் பெரியது. முப்பத்தைந்து வருடமாக அதைக் கொண்டு கார்களின் உடம்பைத் தட்டித் தட்டிக் கேட்டதில் காய்த்துப்போயிருந்தது. பூமர்தெஸ் பக்கத்துக் கார் சந்தைக்குப் போக நினைக்கிறவன், கையில் பணம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால் மொக்ரானுக்கு அந்த வெள்ளிக்கிழமை ஒழிகிறதா என்றுதான் விசாரிப்பான்.

புதுக்கார் என்பது எங்கள் நாட்டில் பத்திரிகையில் வருகிற சமாச்சாரம். தெருவில் வருவதெல்லாம் பழசுதான். அந்தப் பழசையும் விற்கிறவன் விலை சொல்ல மாட்டான். "இவ்வளவு குடுத்தாங்க, நான்தான் தரலை" என்பான். யார் கொடுத்தார்கள், எப்போது கொடுத்தார்கள் என்று கேட்கிறவன் வெளிநாட்டிலிருந்து லீவில் வந்தவனாக இருப்பான். நாங்கள் கேட்க மாட்டோம். அவனும் பொய் சொல்கிறான், நமக்கும் தெரிகிறது, அப்புறம் என்ன கேள்வி? அதனால்தான் கூட ஒரு டிங்கரை அழைத்துப் போகிறோம். வாய் பேசுவதை விட்டுவிட்டுத் தகரம் பேசுவதைக் கேட்பதற்கு.

மொக்ரான் நல்ல டிங்கர். கூலி வாங்க மாட்டார். ஒரு காப்பி, கையில் ஒரு பொட்டலம் பேரீச்சை, அவ்வளவுதான். காரைச் சுற்றி ஒருமுறை சும்மா நடப்பார். கதவிடுக்கில் நகத்தை வைத்து மேலிருந்து கீழே இழுப்பார். பானட்டைத் திறந்து, போல்ட் தலையில் ஸ்பேனர் பட்ட தழும்பு இருக்கிறதா என்று பார்ப்பார். எல்லாக் கண்ணாடியும் ஒரே வருடத்துக் கண்ணாடிதானா என்று ஓரத்தில் இருக்கும் எண்ணைப் படிப்பார். கடைசியில்தான் தட்டுவார். தகரம் தகரமாக இருந்தால் டண்ணென்று பேசும். பெயிண்டுக்கு அடியில் நசுங்கலை மறைக்கப் பட்டி பார்த்திருந்தால் பொத்தென்று விழும்.

ஒருமுறை ஒருத்தன், "பிள்ளை மாதிரி வளத்தேன் அண்ணே, ஒரு கீறல் கிடையாது" என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னான். மொக்ரான் பின்கதவைத் தட்டிவிட்டு, "தம்பி, இந்தக் கதவு இந்தக் காருக்கு ரெண்டாம் தாரம். மூத்தவளுக்கு என்ன ஆச்சு?" என்றார். சந்தையே சிரித்தது. அவன் அன்றைக்கு வேறு யாரிடமும் நெஞ்சில் கை வைக்கவில்லை.

இப்படி ஊருக்கெல்லாம் பார்த்துக் கொடுத்தவருக்குச் சொந்தமாக இருந்தது ஒரு பழைய டெலிவரி வண்டி. அது போதும் என்றுதான் இருந்தார். மகள் தீஹியாவுக்கு மலைமேல் இருக்கிற சுகாதார நிலையத்தில் பிரசவம் பார்க்கும் நர்ஸ் வேலை கிடைத்தபோதுதான் போதவில்லை. இருபத்திரண்டு கிலோமீட்டர், பாதிக்கு மேல் தார் பெயர்ந்த பாதை, ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். ஷேர் டாக்ஸி பிற்பகல் மூன்றரைக்கு மேல் அங்கிருந்து இறங்காது. பிள்ளை பெறுகிறவள் மூன்றரைக்கு முன்னால் பெற்றுவிடுவாளா? தீஹியாவுக்கு ஒரு கார் வேண்டும், உயரமாக, குட்டியாக, மலையேறுகிற காராக.

கிடாதான் சரி என்று மொக்ரான் முடிவு செய்தார். கம்பெனி அதற்கு வைத்த பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. முன்பக்கம் முட்ட வருகிற மாதிரி இருப்பதால் மலைக்காரர்கள் கிடா என்றார்கள். அந்த மாடலைக் கம்பெனி நிறுத்தி ஆறு வருடம் ஆகிறது. நிறுத்திய காரை வாங்கலாமா என்று தயங்குகிறவர்களுக்கு மொக்ரான் காப்பிக்கடையில் பாடமே எடுப்பார்.

"இன்ஜினைப் பத்திக் கவலையே படாதே. அதே கம்பெனி சின்னக்கார் ஒண்ணுல இதே இன்ஜின்தான் ஓடுது, கிளட்சும் அதேதான். சாமான் எந்தக் கடையிலயும் கிடைக்கும். உடம்புதான் கிடைக்காது. கதவு, கூரை, முன்விளக்கு, இதெல்லாம் செத்த வண்டியிலேர்ந்து கழட்டினாத்தான் உண்டு. அதனால கிடா வாங்கினா உடம்பைப் பாத்து வாங்கு. கம்பெனி பெயிண்ட்லயே இருக்கற கிடா கிடைச்சா, கண்ணை மூடிக்கிட்டு வாங்கு."

கடைசியில் அவர்தான் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினார்.

டெலிவரி வண்டியை விற்று, சேமிப்பையும் சேர்த்துக்கொண்டு தேடிக்கொண்டிருந்தபோது பெலாயித் போன் செய்தார். பெலாயித் புவீராவில் தானியக் கடை வைத்திருக்கிறார். இருவரும் பட்டாளத்தில் ஒரே கம்பளியில் படுத்தவர்கள். உள்நாட்டுச் சண்டை நடந்த கறுப்பு வருடங்களில், ஆட்கள் பாதையில் காணாமல் போய்க்கொண்டிருந்த காலத்தில், மொக்ரான் ஒருநாள் வீடு திரும்பவில்லை. அவர் வண்டி பழுதாகிக் காட்டுப்பாதையில் நின்றிருந்தது. சொந்த மைத்துனனே விடியட்டும் பார்க்கலாம் என்றான். பெலாயித் தன் காரை எடுத்துக்கொண்டு தனியாகத் தேடிவந்தார். அதற்குப் பிறகு மொக்ரான் வீட்டில் யாரும் பெலாயித்தை விருந்தாளி என்று சொன்னதில்லை.

"என்கிட்ட ஒரு கிடா இருக்குடா" என்றார் பெலாயித். "போன வருஷம் வாங்கினேன். கடைக்கு மூட்டை ஏத்த லாயக்கில்லை. உன் பொண்ணுக்கு வேணும்னு கேள்விப்பட்டேன். அந்நியனுக்குப் போறதுக்கு நம்ம வீட்டுக்குள்ளயே இருக்கட்டும்."

புவீராவில் கடை வாசலிலேயே கார் நின்றது. சாம்பல் நிறம், சுத்தமாகத் துடைத்திருந்தது. பக்கத்துக் கடைக்காரர்கள் நான்கு பேர் கூடியிருந்தார்கள். மொக்ரான் இன்ஜினை ஓட விட்டுக் கேட்டார். புகைபோக்கியில் கை வைத்துப் பார்த்தார். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை. இறங்கி நின்றபோது பெலாயித் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"தட்டிப் பாருடா. உன் விரலுக்குத்தான் நாடே பயப்படுதே. தட்டு."

நான்கு பேரும் மொக்ரானுடைய விரலைப் பார்த்தார்கள்.

எங்கள் பக்கத்தில் அந்நியனின் காரைத் தட்டினால் அது வியாபாரம். சேர்ந்து உப்பும் ரொட்டியும் தின்றவனின் காரைத் தட்டினால், உன் வாயில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று நாலு பேர் முன்னால் காறித் துப்புவதற்குச் சமம். அவனே தட்டச் சொன்னாலும் தட்டக் கூடாது. சொல்வது அவன் மரியாதை, தட்டாமல் இருப்பது நம் மரியாதை. மொக்ரான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"உன் வண்டியைத் தட்டறதுக்கு என் விரலை வெட்டிப் போடலாம்" என்றார்.

கூடியிருந்தவர்கள் "அல்லா லாபம் தரட்டும்" என்றார்கள். பணம் கைமாறியதும் எல்லாரும் கை ஏந்தி ஃபாத்திஹா ஓதினார்கள். பெலாயித் இவரைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார்.

தீஹியா அந்தக் காரில் மூன்று வாரம் மலையேறினாள். கிடா முரண்டு பிடிக்கவில்லை. "மேடுன்னு அதுக்கு யாரும் சொல்லலை போலிருக்கு அப்பா, அதுபாட்டுக்குப் போகுது" என்றாள். மொக்ரான் அந்த மூன்று வாரமும் காரைக் கழுவினார், துடைத்தார், டயருக்குக் காற்றடித்தார், ஒரு தடவைகூட முட்டியால் தொடவில்லை. தன் வீட்டு முற்றத்தில், தனியாக, தன் பெயரில் இருக்கிற காரை! நண்பன் பார்க்காவிட்டால் அவமானம் அவமானமில்லாமல் போய்விடுமா என்பது அவர் கட்சி. அப்படிப்பட்ட மனிதர். எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் அவர் மேல் பாதி மரியாதையும் பாதி எரிச்சலுமாக வருகிறது.

நான்காவது சனிக்கிழமை மதியம் ஆலங்கட்டி மழை பிடித்தது. சாப்பிட்டு முடித்து, தீஹியா சன்னல் பக்கம் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். கடலை பருமனுக்கு ஆரம்பித்து, பெரிதாகிக்கொண்டே வந்தது. முற்றத்தில் நின்ற கிடாவின் பானட்டில் விழுந்த கட்டிகள் டண் டண்ணென்று பேசின. வாளி ஒரு மாதிரி பேசியது, பட்டறைத் தகரக்கூரை ஒரு மாதிரி பேசியது. மொக்ரான் காப்பிக் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார்.

காரின் கூரை மட்டும் பேசவில்லை. அதே கட்டி அங்கேயும் விழுந்தது. பொத், பொத், பொத்.

"என்ன அப்பா?"

அவர் தலையில் சோற்றுச் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினார். தீஹியா முதலில் சிரித்தாள். அறுபத்தொரு வயதில் சட்டியும் தலையுமாகக் காரின் கூரையில் காதை வைத்துக்கொண்டு நிற்கிற தகப்பனைப் பார்த்து யாருக்குத்தான் சிரிப்பு வராது? அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

மழை விட்டதும் கதவோர ரப்பரைப் பிடுங்கினார். உள்கூரைத் துணியைக் கிழித்தார். கம்பெனியில் வைத்த வெல்டிங் என்றால் வரிசையாகப் பொட்டுப் பொட்டாக இருக்கும். இங்கே கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் கூரையைத் தாங்குகிற தூண்களை அறுத்து, வேறு காரின் தூணை வைத்து, கோணல் மாணலாக வெல்டிங் ஓட்டி, மேலே கூரை முழுக்க விரல் கனத்துக்குப் பட்டி பூசியிருந்தது. இந்தக் கார் எங்கேயோ குட்டிக்கரணம் போட்டு நசுங்கிய கார். இன்னொருமுறை கவிழ்ந்தால் உள்ளே இருக்கிறவர் தலைமேல் கூரை மடங்கி விழும்.

"தூணு வெட்டி ஒட்டினது" என்றார் மகளிடம். வேறொன்றும் சொல்லாமல் பஸ் பிடித்துப் புவீராவுக்குப் போனார். வழியெல்லாம் பெலாயித்துக்காக வக்காலத்து வாங்கிக்கொண்டே போனார். அவனுக்குத் தெரிந்திருக்காது. தானியக் கடைக்காரனுக்குத் தூணைப் பற்றி என்ன தெரியும்? அவனையும் யாரோ ஏமாற்றியிருப்பார்கள். இரண்டு பேரும் சேர்ந்து போய் அந்த அயோக்கியனைப் பிடிக்கலாம்.

பெலாயித் கடையில் பார்லி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். மொக்ரான் வந்து நின்ற விதத்திலேயே புரிந்துகொண்டார். வேலைக்காரரை வெளியே அனுப்பினார்.

"உனக்குத் தெரியாதுதானே?" என்றார் மொக்ரான். கேள்வி மாதிரிகூட இல்லை, கெஞ்சல் மாதிரி இருந்தது.

"தெரியும்" என்றான் பெலாயித். இதற்கு மேல் அவனை அவர் இவர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. "என் தலையிலயும் இப்படித்தான் கட்டினாங்க. மூணு வெள்ளிக்கிழமை செத்தீஃப் கார் சந்தைக்குக் கொண்டு போனேன். வர்றவன் எல்லாம் ஒரு டிங்கரோட வர்றான். மேல ஒரு தட்டு, போயிடறான். எவனும் விலைகூடக் கேக்கலை."

"அதனால எங்கிட்ட?"

"நான் தட்டுன்னு சொன்னேனா இல்லையா? நாலு பேர் முன்னால சொன்னேன். நீ தட்டலை."

"தட்ட மாட்டேன்னு தெரிஞ்சுதானேடா சொன்னே!"

பெலாயித் ஒரு கணக்கைச் சொல்கிற மாதிரி, சாதாரணமாகச் சொன்னான்.

"இந்த நாட்டுல அதைத் தட்டாம வாங்கறவன் நீ ஒருத்தன்தான்டா. நான் வேற யார்கிட்டப் போறது?"

இத்தனை வருடம் இந்த நம்பிக்கையைத்தானே சேர்த்து வைத்திருந்தோம் என்று மொக்ரானுக்குத் தோன்றியது. சேர்த்ததைப் பத்திரமாக இவனிடம் கொடுத்து வைத்தோம், இவன் அதை எடுத்துச் செலவு செய்துவிட்டான்.

"தீஹியாவுக்குன்னு உனக்குத் தெரியும்" என்றார்.

"அவ மெதுவா ஓட்டற பொண்ணு."

அடிப்பதற்குக் கை எழுந்தது, அடிக்கவில்லை. பணத்தைப் பற்றிக் கேட்கவும் வாய் வரவில்லை. வெளியே வந்தபோது பக்கத்துக் கடைக்காரர், "காரு எப்படி ஓடுது?" என்று கேட்டார். மொக்ரான் நிற்காமல் நடந்தார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அழுகை வந்தது. வீட்டுக்குப் போனதும் தீஹியாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்று நினைத்தார். உன் பெலாயித் மாமா என்ன செய்தான் தெரியுமா, என்ன சொன்னான் தெரியுமா என்று அவளிடம்தான் சொல்ல முடியும். அவளாவது இரண்டு வார்த்தை அவனைத் திட்டுவாள். நமக்குக் கொஞ்சம் ஆறும்.

முற்றத்தில் கிடா துணி கிழிந்து, ரப்பர் தொங்க நின்றது. தீஹியா அதற்குள் உட்கார்ந்து, அறுத்து ஒட்டிய இடத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் இறங்கினாள்.

"போன செவ்வாக்கிழமை இதுல ஒரு பிள்ளைத்தாச்சியை ஏத்திக்கிட்டு இறங்கினேன் அப்பா. பள்ளத்துப் பக்கம் ஒரு சக்கரம் நழுவிச்சு. உங்ககிட்டச் சொல்லலை, பயப்படுவீங்கன்னு."

மொக்ரான் வாயைத் திறந்தார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க" என்றாள் தீஹியா. குரலை உயர்த்தவே இல்லை. "காப்பிக்கடைக்காரன் பிள்ளைக்குக் கார் பாக்கப் போனா, தட்டாம வருவீங்களா?"

"மாட்டேன்."

"முகம் தெரியாத எவன் எவனுக்கோ தட்டிப் பாத்தீங்க. எனக்கு வாங்கும்போது மட்டும் பெலாயித் மாமா மனசு நோகுமேன்னு பாத்தீங்க."

சாவியை அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். திங்கட்கிழமைக்கு ஷேர் டாக்ஸியில் இடம் சொல்லி வைக்க யாருக்கோ போன் செய்கிற சத்தம் கேட்டது. பெலாயித்தைப் பற்றிச் சொல்ல வந்த எதையும் மொக்ரான் அன்றைக்குச் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை.