வலியைப் போக்காத தாய்

முந்தின வருஷம் ஆடி மாதம். சந்தை நாள். உரித்த ஆட்டைத் தூக்கிக் கொக்கியில் மாட்டும்போது வலது விலாவுக்குக் கீழே சுருக்கென்று குத்தியது. அன்று முதல் அந்த வலி என்னை விடவில்லை.

நான் கன்னியம்மா. ஊர் படவேட்டுக்குப் பக்கம். பதினெட்டு வருஷமாக மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூர் சந்தையில் ஆட்டுக்கறி விற்கிறேன். கத்தி பிடிப்பது நான், தராசு பிடிப்பது என் வீட்டுக்காரர் ஏழுமலை. அங்கே யாரைக் கேட்டாலும் என் கடையைக் காட்டுவார்கள். அப்படிப்பட்ட எனக்கு, ஒரு தொடையை வெட்டி முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது.

போளூரில் ஸ்கேன் எடுத்தோம். ஈரலில் ஒரு நீர்க்கட்டி இருந்தது. டாக்டரம்மா கேட்டார்.

"ஆட்டு ஈரல்ல தண்ணி கோத்த கட்டி பார்த்திருக்கீங்களா?"

"எத்தினியோ பார்த்துக்கீறேன்மா. அதை விக்க மாட்டேன். அறுத்துப் போட்டுடுவேன்."

"எங்க போடுவீங்க?"

"நாய்ங்களுக்குத்தான்."

அவர் பொறுமையாக விளக்கினார். அந்தக் கட்டியைத் தின்ற நாயின் வயிற்றில் புழு வளருமாம். நாயின் மலத்தில் வெளியேறும் புழு முட்டை, கழுவாத கை வழியாக நம் வாய்க்குள் போனால், நம் ஈரலிலும் அதே கட்டி வருமாம். கடை நாய்களைத் தடவித் தடவி வளர்த்தவள் நான். தலை குனிந்து போனேன்.

மாத்திரை கொடுத்து, "வலி கொறையலன்னா விட்டுடாதீங்க, உடனே வாங்க" என்று அனுப்பினார்.

எங்கள் ஊர் மாரியம்மனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். இந்த வலியை மட்டும் எடுத்துவிடு தாயே. வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றினேன். வலி போகவில்லை. ஐந்தாவது வெள்ளி என் பொறுமை போய்விட்டது. சந்நிதியிலேயே கத்தினேன்.

"நான் கூழ் ஊத்தாத ஆடி ஒண்ணு உண்டா? கேட்டது உன் காதுல வுழலியா?"

வலி போகாததால் போளூர் டாக்டரம்மா எங்களை வேலூருக்கு அனுப்பினார். அங்கே எடுத்த பெரிய ஸ்கேனில் நீர்க்கட்டிக்குப் பக்கத்தில் இன்னொன்று தெரிந்தது. நெல்லிக்காய் அளவு. அது புழுவால் வந்தது இல்லை. ஈரல் புற்றுநோய்.

வீட்டுக்காரர் அங்கேயே உடைந்துவிட்டார். "இன்னா பாவம் பண்ணோம் நாம?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவ்வளவு திடமான மனிதர் அழுது நான் பார்த்ததே இல்லை.

டாக்டர் அவர் தோளில் கை வைத்தார். "அழாதீங்க. வலி நீர்க்கட்டியால வந்தது. இந்தச் சின்ன கட்டி இப்போ வலிக்கவே வலிக்காது. இது வலிக்கிற வரைக்கும் விட்டிருந்தா கஷ்டம். நீர்க்கட்டி வலிச்சதாலதான் இதைக் கண்டுபிடிச்சோம்."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நான் கேட்டதை என் தாய் ஏன் கொடுக்கவில்லை என்று அந்த நிமிஷம் புரிந்தது. அன்றே வலியை எடுத்திருந்தால், நான் நிம்மதியாகக் கறி வெட்டிக்கொண்டே செத்திருப்பேன். நான் திட்டத் திட்ட, வாயே திறக்காமல் என்னை டாக்டரிடம் அனுப்பிக்கொண்டிருந்தாள் அவள்.

இரண்டும் ஈரலின் ஒரே பக்கத்தில் இருந்தன. நீர்க்கட்டி உடையாமல், புற்றையும் சேர்த்து, ஒரே ஆபரேஷனில் எடுத்தார்கள். அதற்குப் பிறகு மூன்று ஸ்கேன் ஆகிவிட்டது. மூன்றும் சுத்தம். இனியும் நாள் தவறாமல் போவேன்.

இந்த ஆடியில் கூழ்க்குடத்தைத் தலையில் சுமந்து தெரு முழுக்க நடந்தேன். என்னைத் தாங்கிப் பிடிக்க யார் கையும் வேண்டியிருக்கவில்லை. என் தாய் கொடுத்த நடை அது. பெருமைப்படாமல் எப்படி இருப்பேன்?

இப்போது கெட்ட ஈரல் எங்கள் கடையிலிருந்து நாய்க்குப் போவதில்லை. ஆழமாகக் குழி தோண்டிப் புதைக்கிறோம். என் கதையை வெட்கப்படாமல் சொன்னேன். பக்கத்துக் கடைக்காரர்களும் குழி தோண்டினார்கள். கால்நடை டாக்டர் வந்து நாய்களுக்குப் பூச்சி மாத்திரை கொடுக்கிறார்.

போன வாரம் கறி வாங்க வந்த ஒரு மலைக்காரப் பெண் விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "சாமிக்கு வேண்டிக்கினு இருக்கேன்கா, சரியாப் பூடும்" என்றாள்.

"வேண்டிக்கோ கண்ணு. வேண்டிக்கினே பஸ் ஏறு" என்று சொல்லி, வெட்டுக்கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவளோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன்.

உங்களுக்கும் அதையேதான் சொல்கிறேன். வேண்டிக்கொண்டே டாக்டரிடம் போங்கள். கேட்டது கிடைக்கவில்லையென்றால் கோபப்படுங்கள், அழுங்கள், ஆனால் அந்தத் தாயின் கையை விட்டுவிடாதீர்கள். கொடுக்காமல் இருக்கும்போதும் அவள் நமக்காகத்தான் வேலை செய்துகொண்டிருக்கிறாள்.