உலைக்குள் நின்ற தூண்

என் மனைவிக்கு வாய் ஜாஸ்தி. கட்டடம் வடிவமைக்கிறவள், கணக்கு அதைவிட ஜாஸ்தி. பத்து மாடிக் கட்டடத்தை முழுக்க முழுக்க மரத்தாலேயே வரைந்துவிட்டு, "எரிஞ்சு போயிடும்னு சொல்றவங்க வரட்டும், நானே கொளுத்திக் காட்டறேன்" என்று ஊரெல்லாம் சவால் விட்டவள்.

நான் பஸ் ஓட்டுகிறவன். வீட்டில் சமையல் என் பொறுப்பு. கடவுள் கொடுத்த உயரத்துக்கு எங்கள் அடுப்பு மேடை முழங்காலில் இடிக்கிறது. குனிந்து குனிந்தே இடுப்பு போய்விட்டது. 'ஒட்டகத்தாரே' என்றுதான் என்னைக் கூப்பிடுவாள்.

"அந்தக் கட்டடத்துலயே நாமளும் ஒரு வீடு எடுத்துக்கலாமா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"தீப்பெட்டிக்குள்ள குடியிருக்க நான் என்ன தீக்குச்சியா? செத்தாலும் வர மாட்டேன்!"

அவள் சிரித்துக்கொண்டே வரைபலகைப் பக்கம் போய்விட்டாள். அதுதான் எனக்கு உறுத்தியது.

தீயணைப்பு அதிகாரி ஒரே போடாகப் போட்டார். பலகைகளை அடுக்கி ஒட்டிச் செய்த அவளுடைய தூண், தலையில் பாரத்தோடு உலைக்குள் இரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். நின்றால் பத்து மாடி. சாய்ந்தால் நாலோடு சரி.

சோதனைக்குப் போனால், கட்டட முதலாளி பயந்துபோய்த் தூணைச் சுற்றித் தீ தாங்கும் அட்டையை அடித்து வைத்திருக்கிறார்! அவளுக்கு வந்ததே கோபம்.

"யாரைக் கேட்டு மாட்டினீங்க? கழட்டுங்க!"

"ஒரு பாதுகாப்புக்குத்தாம்மா..."

"மேல கருகுற கரிதாங்க உள்ள இருக்கிற மரத்துக்குப் பாதுகாப்பு. கருகறதுக்குன்னே கூடுதல் கனம் வச்சிருக்கேன். போர்வை போத்தி ஜெயிச்சா, ஜெயிச்சது என் தூணா, உங்க அட்டையா?"

கழற்றினார்கள். உலை உறுமியது. முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். அவள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் போல் நின்றாள்.

நேரம் முடிந்து கதவைத் திறந்தபோது தூண் கன்னங்கரேலென்று நிமிர்ந்து நின்றது. ஆறவிட்டு அறுத்தார்கள். கரிக்கு உள்ளே மஞ்சள் மரம், கொஞ்சம்கூட வாசனை போகாமல். அதிகாரி அதைத் தடவிப் பார்த்து, "பத்து மாடியும் கட்டிக்குங்கம்மா" என்றார். நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"சரி, தோத்துட்டேன். வரேன். எந்த வீடு?"

அவள் பையிலிருந்து வரைபடத்தை எடுத்து விரித்தாள். மடிப்பெல்லாம் நைந்திருந்தது. மேல்மாடியில் ஒரே ஒரு வீட்டில் மட்டும் அடுப்பு மேடை மற்றதைவிட ஒரு சாண் உயரம்.

"இதை எப்ப போட்டே?"

"நீங்க செத்தாலும் வர மாட்டேன்னு சொன்னீங்களே, அன்னிக்குச் சாயங்காலம், ஒட்டகத்தாரே."