விஜயதசமி காலையில் காலியாக இருந்த ஃபோல்டர்

"என்னப்பா, ஃபோல்டர்ல ஒரு படம்கூட இல்ல? ஆபரேஷனுக்கு முன்னாடி பழைய ஸ்கேன் பாத்தாகணும்" என்று சர்ஜன் கூப்பிட்டபோது நான் பூஜைப் பொரியைத் தின்றுகொண்டிருந்தேன். தஞ்சாவூரில் அந்தத் தனியார் மருத்துவமனைக்கு ஸ்டோரேஜ் போட்டுக்கொடுத்தவன் நான்தான். நாலு சர்வர் சேர்ந்த கிளஸ்டர். டாக்டர்களின் கம்ப்யூட்டர்கள் அதைத் தங்களுடைய ஒரு ஃபோல்டராக இணைத்துக்கொண்டு படங்களைப் பார்க்கும். அந்த இணைப்புக்கு மவுண்ட் என்று பெயர்.

முந்தின நாள் ஆயுத பூஜை. ஸ்கேன் மெஷின், சர்வர், டாக்டர்களின் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் நிறுத்தி, சந்தனம் குங்குமம் வைத்திருந்தோம். விஜயதசமி காலையில், "நல்ல நேரம் போயிடப்போவுது, எல்லாத்தையும் ஒண்ணா போட்டுடுங்க" என்று சொன்னவனும் நான்தான்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். ஃபோல்டர் காலி. வீட்டில் என்னை அவசரக்குடுக்கை என்பார்கள், சும்மா சொல்லவில்லை. "டேட்டா போயிடுச்சு டாக்டர்" என்றேன். அவர் ஆபரேஷனைத் தள்ளிவைத்து, தியேட்டரை வேறு கேஸுக்குக் கொடுத்துவிட்டார்.

அதற்கப்புறம்தான் மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று பார்த்தேன். ஆகவில்லை. ஸ்டோரேஜ் சர்வர்கள் தயாராக நேரம் பிடிக்கும். அதற்குள் டாக்டர்களின் கம்ப்யூட்டர்கள் முந்திக்கொண்டு மவுண்ட் கேட்டு, கிடைக்காமல் விட்டுவிட்டன. மவுண்ட் ஆகாத ஃபோல்டர் காலியாகத்தான் தெரியும். கையால் கமாண்ட் கொடுத்தேன். அத்தனை படமும் வந்துவிட்டது.

சர்ஜனிடம் சொன்னேன். "போயிடுச்சுன்னு நீதானப்பா சொன்ன? இனிமே அடுத்த வாரம்தான்" என்றார்.

நோயாளி திருவையாறு பக்கத்து விவசாயி. ஆபரேஷனுக்குக் கூட இருக்கவென்றே அவருடைய ஒரே மகன் சிங்கப்பூரிலிருந்து லீவு போட்டு வந்திருந்தார். மறுநாள் திருச்சியில் ஃப்ளைட். அதற்குமேல் லீவு இல்லை. நடந்ததை அவரிடம் சொன்னேன். திட்டியிருந்தால் தேவலை. "பரவால்ல சார், வேணும்னா பண்ணுனீங்க? அப்பாவ மட்டும் கொஞ்சம் பாத்துக்கங்க" என்றார். எனக்கு அவமானமாக இருந்தது. அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். முதலில் ஸ்டோரேஜைப் போடுங்கள், அது முழுசாக வந்தபிறகு மற்றதைப் போடுங்கள். ஃபோல்டர் காலியாக இருந்தால் மவுண்டைப் பாருங்கள். பார்க்கும்வரை வாயைத் திறக்காதீர்கள்.

அடுத்த வாரம் ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. அன்று எனக்கு அங்கே எந்த வேலையும் இல்லை. ஆனாலும் போய் தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் வெளியே வந்து, "அவருக்கு நீங்க என்ன வேணும்?" என்று கேட்டார். "அவரோட மகன் பாத்துக்கச் சொல்லியிருக்கார்" என்றேன்.